பாம்புநாக்குப் பெரணியும் பாதிக் கணக்கும்

‘தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை’ என்பது நம்மவர் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. நெசவின் நுட்பம் அறிந்தவர் சொன்ன சொல் அது. ஆயினும் பிள்ளை ஒரே நூலால் நெய்த சேலை அன்று. தாய் தந்த நூல் பாவாகவும், தந்தை தந்த நூல் ஊடையாகவும் அமைந்தே ஒவ்வொரு பிள்ளையும் உருவாகிறது. இதை எல்லாரும் அறிவர். இதனுள் மறைந்து கிடக்கும் ஒரு கணக்கைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் உடலில் உட்கரு உள்ள உயிரணுக்களில், பரம்பரைப் பண்புகளைச் சுமந்து நிற்கும் நுண்ணிய இழைகள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்பர். மனிதருக்கு அவை 46. தந்தை 46, தாய் 46 என இருவரும் தம்மிடம் உள்ளதை முழுமையாகத் தந்துவிட்டால், பிள்ளைக்கு 92 ஆகும். பேரனுக்கு 184 ஆகும். பத்தாம் தலைமுறையில் அந்த எண்ணிக்கை 47,104-ஐ எட்டும். அத்தனையையும் தாங்கும் உயிரணு உலகில் இராது. ஆனால் பாட்டனுக்கும் 46. பேரனுக்கும் அதே 46. இந்தக் கணக்கு எவ்வாறு தவறாமல் நிற்கிறது?

வாரிசுக்குத் தருவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் செல்வத்தைச் சரிபாதியாகக் குறைத்துக்கொள்கின்றனர் என்பதே விடை. அவ்வாறு குறைக்கும் நிகழ்ச்சிக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். இதன் வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. தாவர உலகில் அதுவரை எவரும் கண்டிராத மிகப் பெரிய குரோமோசோம் எண்ணிக்கையை 1954-இல் எண்ணி அறிவித்தவர்கள் இந்நகரத்து ஆய்வாளர்களே. கேரளத்திலும் பிற ராஜ்யங்களிலும் வாழும் தமிழ் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி இது.

முதலில் பழைய வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1883-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் வான் பெனடன், குதிரையின் குடலில் வாழும் ஓர் உருண்டைப் புழுவை ஆராய்ந்தார். அப்புழுவின் குரோமோசோம்கள் மிகச் சிலவே ஆதலின் எண்ணுவது எளிது. கருவுற்ற முட்டையில் நான்கு இருந்தன. அவற்றுள் இரண்டு தாய்வழி வந்தவை. இரண்டு தந்தைவழி வந்தவை. நான்கு வருஷங்களுக்குப் பின், 1887-இல், ஜெர்மானியரான வைஸ்மன் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். கண்பார்வை குன்றியதால் நுண்ணோக்கியை விட்டுச் சிந்தனையைத் துணைகொண்டவர் அவர். தலைமுறைதோறும் எண்ணிக்கை மாறாதிருக்க வேண்டுமாயின், பால் அணுக்கள் உண்டாகும்போது அது பாதியாகக் குறைந்தே தீர வேண்டும் என்றார். கண்ணால் முழுமையாகக் காணப்படுமுன் கருத்தால் காணப்பட்ட உண்மை இது. 1905-இல் பார்மர், மூர் என்னும் இருவர் இந்நிகழ்ச்சிக்குக் கிரேக்கச் சொல்லொன்றால் பெயரிட்டனர். அச்சொல்லின் பொருளும் ‘குறைதல்’ என்பதே.

இக்குறைதல் எவ்வாறு நிகழ்கிறது? வெற்றிலைக் கட்டை இரண்டாகப் பிரிப்பதுபோல் கைக்கு வந்ததை ஒதுக்கித் தள்ளினால் போதாது. நம் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது; மற்றது தந்தை தந்தது. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று, ஒன்றே ஒன்று, பால் அணுவுக்குச் செல்ல வேண்டும். ஓர் இணையில் இரண்டும் சென்று மற்றோர் இணையில் ஒன்றும் செல்லாது போனால், எண்ணிக்கை 23 ஆகவே இருந்தாலும் உயிர் தழைக்காது. ஆகவே பிரிவதற்கு முன் இணைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். குன்றல் பகுப்பின் பெரும்பொழுது இந்தத் தேடலிலேயே கழிகிறது.

பகுப்புத் தொடங்குமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போலவே ஒரு படி எடுத்துக்கொள்கிறது. அந்த இரு படிகளும் ஒட்டியே இருக்கும். பின்னர் முதற்கட்டத்தில் அவை மெல்லிய நூல்களாகத் தோற்றம் தருகின்றன. இந்நிலைக்கு லெப்டோட்டீன் என்று பெயர். அடுத்து வருவது சைகோட்டீன். தாய் தந்த நூலும் தந்தை தந்த நூலும் ஒன்றையொன்று நாடி வந்து, நுனி முதல் அடி வரை பக்கம் பக்கமாகப் பொருந்துகின்றன. பாக்கிட்டீன் நிலையில் இவ்விணைகள் குறுகித் தடிக்கின்றன. இங்கேதான் வியப்பான ஒரு கொடுக்கல் வாங்கல் நிகழ்கிறது. இணைந்த நூல்கள் ஒரே இடத்தில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இதைக் குறுக்கே கலத்தல் என்பர். டிப்ளோட்டீன் நிலையில் இணைகள் விலகத் தொடங்குகின்றன. ஆனால் மாற்றம் நடந்த இடங்களில் மட்டும் பிணைந்து, பெருக்கற்குறி போலக் காட்சி தருகின்றன. 1909-இல் பெல்ஜியப் பாதிரியார் ஜான்ஸன்ஸ் இப்பிணைப்புகளைக் கண்டு, கொடுக்கல் வாங்கலின் அடையாளம் இவை எனக் கருதினார். டயாகைனசிஸ் என்பது முதற்கட்டத்தின் இறுதி நிலை. இணைகள் மிகவும் குறுகிப் பருத்து, உட்கருவெங்கும் தனித்தனியே பரவி நிற்கும்.

அதன்பின் காரியம் விரைந்து நடக்கிறது. இணைகள் உயிரணுவின் நடுவில் வரிசையாக நிற்கின்றன. கதிர் போன்ற நுண்ணிழைகள் இரு துருவங்களிலிருந்தும் பற்றி இழுக்க, இணையில் ஒன்று ஒரு துருவத்துக்கும் மற்றது எதிர்த்துருவத்துக்கும் செல்கின்றன. எண்ணிக்கை பாதியாவது இந்த இடத்தில்தான். இரண்டாம் பகுப்பில், முன்னர் எடுத்த படிகள் பிரிகின்றன. ஓர் உயிரணு நான்காகிறது. எந்த இணையில் எது எந்தப் பக்கம் செல்லும் என்பதற்கு விதியில்லை. 23 இணைகள் பிரிவதில் மட்டும் 83,88,608 வகைச் சேர்க்கைகள் உண்டாகலாம். குறுக்கே கலத்தலையும் சேர்த்தால் அவ்வகைகளுக்கு எல்லையே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இராமைக்குக் காரணம் இதுவே.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். இந்நகரில் உயிரணுவியல் தழைப்பதற்கு முன்னரே, அத்துறையில் புகழ்பெற்ற ஒருவர் இங்கே ஆசிரியப் பணி புரிந்தார். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஈ. கே. ஜானகி அம்மாளே அவர். 1932 முதல் 1934 வரை அந்நாளைய மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். பின்னர் கோயம்புத்தூரின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். 1945-இல் டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார்.

1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அந்நாளில் நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளும் இதன் ஆட்சியில் இருந்தன. அப்பகுதி தமிழ் மாணவர்கள் பட்டம் பெற்றதும் இதனிடமே. 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிற்று. இதன் தாவரவியல் துறையில் ஆ. ஆபிரகாம் என்னும் பேராசிரியர் பெரணிகளின் உயிரணுக்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். அவருடன் உழைத்தவர் சி. ஏ. நைனான்.

பெரணிகளை ஏன் தேர்ந்தனர்? மேற்குத் தொடர்ச்சி மலை பெரணிகளின் களஞ்சியம் என்பது ஒரு காரணம். பூவும் காயும் இல்லாத இத்தாவரங்கள் ஸ்போர்கள் என்னும் நுண்துகள்களால் இனம் பெருக்குகின்றன. அத்துகள்கள் உண்டாகுமுன் குன்றல் பகுப்பு நிகழ்கிறது. அப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஐரீன் மான்டன் என்னும் அம்மையார் பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணிப் புதுவழி வகுத்திருந்தார். அவருடைய நூல் 1950-இல் வெளிவந்தது. இலங்கைப் பெரணிகளைப் பற்றி ஸ்லெட்ஜ் என்பவருடன் அவர் செய்த ஆராய்ச்சி 1954-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்தும் ஒரு செய்தி வந்தது.

அச்செய்தியின் நாயகன் ஒரு சிறு செடி. ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஓபியோகிளாசம் என்றால் பாம்பின் நாக்கு என்று பொருள். நாமும் பாம்புநாக்குப் பெரணி எனலாம். பெரும்பாலும் ஒரே ஓர் இலை. அதன் அடியிலிருந்து நாக்குப்போல் நீண்டெழும் ஒரு கதிர். இருமருங்கிலும் ஸ்போர்ப் பைகள் வரிசையாகப் பதிந்திருக்கும் அக்கதிரைப் பார்த்தவர் இதைப் பெரணி என்று நம்பத் தயங்குவர். மழைபெய்த பின் புல்லோடு புல்லாகத் தலைகாட்டி, ஈரம் வற்றியதும் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். காலடியில் இருந்தாலும் கண்ணில் படாத செடி இது.

இத்தகைய செடியின் குரோமோசோம்களை எண்ணுவது எப்படி? மேலே நாம் கண்ட நிலைகளின் அறிவு இங்கேதான் பயன்படுகிறது. இளங்கதிரைத் தக்க பருவத்தில் பறிக்க வேண்டும். சற்று முந்தினால் பகுப்புத் தொடங்கியிராது. சற்றுப் பிந்தினால் முடிந்து போயிருக்கும். பறித்ததைச் சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீரில் இட்டு, உயிரணுக்களை இருந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது வழக்கம். பின்னர் கார்மின் என்னும் சிவப்புச் சாயம் ஊட்டப்படும். சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சாயம் அது. இறுதியில் கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்ல நசுக்கினால், உயிரணு தட்டையாகி, குரோமோசோம்கள் ஒரே தளத்தில் பரவும். மிகுதியாக அழுத்தினால் உயிரணு சிதறிவிடும். போதிய அளவு அழுத்தாவிட்டால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். விரலின் பக்குவமே இங்கே கருவி.

எண்ணுவதற்கு ஏற்ற நிலைகள் டயாகைனசிஸும், இணைகள் நடுவில் நிற்கும் நிலையுமே. அப்போது இழைகள் குறுகிப் பருத்துள்ளன. இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பதால் எண்ண வேண்டியவையும் பாதியாகின்றன. இயற்கை தன் கணக்கைப் பாதியாக்கும் இடத்திலேயே மனிதனின் உழைப்பும் பாதியாகிறது. அவ்வாறு பாதியான பின்னும் இச்செடி காட்டிய எண் வியப்பூட்டுவது. ஏறத்தாழ 630 இணைகள். அதாவது சுமார் 1,260 குரோமோசோம்கள்! பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ ஏட்டில் 1954-இல் ஆபிரகாமும் நைனானும் இதனை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டனர்.

இவ்வரலாற்றில் சுவையான ஒரு முரண்பாடு உண்டு. அந்த 1954-இல் மனிதன் தன் குரோமோசோம்களின் எண்ணிக்கையையே சரியாக அறிந்திருக்கவில்லை. 48 என்று பாடநூல்கள் கற்பித்து வந்தன. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜியோ, லெவான் என்னும் இருவர் 46 என்று நிலைநாட்டியது 1956-இல். மனிதனின் ஐம்பதுக்கும் குறைந்த எண்ணிக்கை முடிவு பெறுமுன், புல்லில் மறைந்த பெரணியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கை திருவனந்தபுரத்தில் எண்ணப்பட்டுவிட்டது.

1,260 பெற்ற பெரணி 46 பெற்ற மனிதனைவிட உயர்ந்ததோ என்று ஒருவர் வினவலாம். எண்ணிக்கைக்கும் உயர்வுக்கும் தொடர்பில்லை என்பதே இச்செடி கற்பிக்கும் முதற் பாடம். இப்பேரினத்தில் 120 இணைகளும், அதன் மடங்குகளான 240, 480 முதலியனவும் உடைய செடிகள் காணப்படுகின்றன. ஆகவே முன்னொரு காலத்தில் முழுத் தொகுதிகளே மீண்டும் மீண்டும் பெருகியதால் இந்நிலை வந்தது என்பர் விஞ்ஞானிகள். 1990-இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வு, இவ்வினத்தில் 720 இணைகளும் இருப்பதைத் தெரிவித்தது. 120-இன் ஆறு மடங்கு அது, மொத்தம் 1,440. தாவர உலகில் எண்ணப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது.

இரண்டாம் பாடம் இன்னும் ஆழமானது. ஒரே தொகுதி பலமுறை பெருகியிருந்தால், ஒரே முகச்சாயலுடைய குரோமோசோம்கள் பல இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அறுநூறு இரட்டையரை விட்டு, அவரவர் தம் துணையைக் கைப்பற்றி நிற்கச் சொன்னால் எத்தனை குழப்பம் நேரும்! ஆனால் இச்சிறு செடியில் அவை இரண்டிரண்டாகவே சேர்ந்து நிற்கின்றன. குன்றல் பகுப்பின் ஒழுங்குக்கு இதனினும் கடுமையான சோதனை வேறு இல்லை எனலாம். திருவனந்தபுரத்தார் இத்துடன் நிற்கவில்லை. 1962-இல் ஆபிரகாம், நைனான், மாத்யூ ஆகிய மூவரும் தென்னிந்தியாவின் நூறு பெரணி இனங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அது இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூற்செல்வம்.

இந்த ஒழுங்கு எப்போதும் பிறழாததோ? பிறழ்வது உண்டு. சில பிறழ்ச்சிகள் நன்மையாகவும் முடிந்துள்ளன. கோயம்புத்தூரில் 1912-இல் அமைந்த கரும்பு நிலையத்தில், தித்திக்கும் ஆலைக்கரும்பையும் காட்டில் தானே வளரும் நாணற்கரும்பையும் கலந்து புதிய இனம் படைத்தனர். டி. எஸ். வெங்கட்ராமன் முதலியோர் உழைப்பால் 1918-இல் வந்த ‘கோ 205’ வட இந்தியக் கழனிகளில் பரவிற்று. ஆலைக்கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோவை நாணலுக்கு 64. பாதிக் கணக்குப்படி சேய்க்கு 40-உம் 32-உம் கூடி 72 வர வேண்டும். ஆனால் இத்தகைய கலப்பில் தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுதாகத் தந்துவிடுகிறது. சேய்க்கு 112 ஆகிறது. ஜாவாத் தீவில் பிரேமர் என்னும் டச்சு அறிஞர் 1920-களில் இதைக் கண்டார். தாய்வழி இனிமை குறையாமலும் தந்தைவழி உறுதி சேர்ந்தும் கரும்பு விளைந்ததற்கு இப்பிறழ்ச்சி துணைசெய்தது. வட இந்தியாவில் குடியேறிய தமிழர் காப்பியில் இட்ட சர்க்கரையிலும் இக்கணக்குப் பிழையின் பயன் கலந்திருந்திருக்கும்.

மனிதரிடத்தில் நேரும் பிழையோ வேறு வகை. பெண்ணின் முட்டை அணுக்கள் குன்றல் பகுப்பைத் தொடங்குவது, அவள் தன் தாயின் கருவில் இருக்கும்போதே. இணைகள் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, டிப்ளோட்டீன் நிலையில் பகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோ காத்திருந்து, முட்டை முதிரும் திங்களில்தான் அது மேலே தொடர்கிறது. இரண்டாம் பகுப்பு நிறைவு பெறுவது கருவுறும் வேளையில். இத்தனை காலம் கைகோத்து நின்ற இணைகளுள் ஒன்று பிரியத் தவறினால், குழந்தைக்கு ஒரு குரோமோசோம் கூடிவிடும். டௌன் நிலை என வழங்குவது, 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதால் உண்டாவது. 1959-இல் பாரிஸில் லெஜூனும் அவருடன் உழைத்தோரும் இதனை வெளிப்படுத்தினர். தாயின் வயது ஏற ஏற இவ்வாறு நேரும் வாய்ப்பும் ஏறுகிறது. முன்வினை என்றும் கண்ணேறு என்றும் சொல்லித் தாய்மாரைத் துன்புறுத்துவோர் இவ்வுண்மையை அறிதல் வேண்டும். எவருடைய குற்றமும் அன்று. நெடுங்காலம் காத்திருந்த ஒரு நுண்ணிய கணக்கில் நேர்ந்த ஒரு பிசகு.

இதிலேயே நெஞ்சுக்கு நெருக்கமான மற்றோர் உண்மையும் உண்டு. இதைப் படிக்கும் நேயர் எந்த ராஜ்யத்தில் பிறந்தவரேனும் ஆகுக. அவர் தோன்றக் காரணமான முட்டை அணு, அவர் தாய் பிறப்பதற்கு முன்னரே பாட்டியின் வயிற்றில் உருவாகிவிட்டது. நெல்லைச் சீமையிலோ தஞ்சைத் தரணியிலோ, தாமிரபரணி நீரோ காவிரி நீரோ பருகி, அந்தப் பாட்டி தன் மகளைச் சுமந்த நாளிலேயே, பேரப்பிள்ளைக்குச் சேர வேண்டிய இழைகள் தம் துணையைத் தேடிச் சேர்ந்து, கொடுக்கல் வாங்கலை முடித்திருந்தன. ஊர் விட்டு ஊர் வந்தோர் தம் முன்னோரிடமிருந்து கொண்டு வந்தது பாதியே. அந்தப் பாதியிலும் பாட்டனும் பாட்டியும் கலந்தே இருக்கின்றனர். மற்றப் பாதியோடு சேர்ந்து அது மீண்டும் முழுமை பெறுகிறது.

முழுதையும் வைத்துக்கொள்ள முயன்ற குலம் பத்துத் தலைமுறைக்குள் தன் பாரத்தாலேயே அழிந்திருக்கும். பாதியைத் தர அறிந்த குலமே நிலைத்தது. ஆயிரத்துக்கு மேல் செல்வம் படைத்த பாம்புநாக்குப் பெரணியும் இவ்விதிக்கு விலக்கு அன்று. இனி மழைக்குப்பின் ஈரப் புல்லில் ஓர் இலையும் ஒரு கதிருமாக அச்செடி கண்ணில் பட்டால், மிதியாது சற்றே குனிந்து பாருங்கள். திருவனந்தபுரத்து அறிஞர்கள் பொறுமையோடு எண்ணிய அந்தப் பெருங்கணக்கு, அதன் சிறு நாக்கில் ஒவ்வொரு மழைக்கும் பிசகாமல் பாதியாகிக்கொண்டிருக்கும்.